யார் பையில் என்ன

கிராமத்தில் வீடு வீடாகப் போய் உடம்பைப் பற்றிப் பேசுகிற பெண் எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அரசாணையைப் புரட்ட வேண்டாம். அவள் பையைத் திறந்து பார்த்தால் போதும். எங்கள் காலத்து மருத்துவச்சியின் பையில் பிளேடு இருந்தது, ஊசி கிடையாது. என் பையில் ஊசி இருந்தது, ஆனால் அது தடுப்பூசிக்கு. ஊட்டச்சத்துப் பணியாளரிடம் தராசும் அட்டையும் சத்துருண்டையும் இருந்தன. இப்போது எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலப் பெண்ணின் பையில் ரத்த அழுத்தக் கருவி இருக்கிறது. மாத்திரையும் இருக்கிறது, டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தது மட்டும்.

நான் 1981-ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஏ.என்.எம்., அதாவது துணைச் செவிலியர்-மருத்துவச்சிப் படிப்பு படித்தவர்களை, 1973-ல் கர்த்தார் சிங் குழு சொன்னபடி, பல்நோக்கு சுகாதாரப் பணியாளர் என்று மாற்றியிருந்தார்கள். கிராம சுகாதார செவிலியர் என்ற பெயர் அப்புறம் வந்தது. ஊர்க்காரர்களுக்கு எந்தக் காலத்திலும் நர்சம்மாதான். பகுதி சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றேன். அதனால் இந்தக் கதையின் நடுப்பகுதியை நேரில் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தியது படித்ததும் பெரியவர்கள் சொன்னதும்.

எழும்பூர் பிள்ளைப்பேறு மருத்துவமனை 1844-ல் தொடங்கியது. நம் பக்கத்தில் மருத்துவச்சிக்கு முறையான படிப்பு என்பதை அங்கிருந்துதான் பேச ஆரம்பிக்க வேண்டும். மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண், சென்னையில் வக்கீலாக இருந்தவரின் மனைவி, அங்கே முதலில் மருத்துவச்சி வேலைதான் கற்றுக்கொண்டார். ஆண் டாக்டரை உள்ளே விடாத வீடுகளில் பெண்கள் பிரசவத்தில் சாவதைக் கேள்விப்பட்டு வந்தவர் அவர். மருத்துவச்சிக்குச் சொல்லித்தந்தது அந்தப் பெண்களைக் காப்பாற்றப் போதாது என்று கண்டு 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1878-ல் தேறினார். லண்டன் போய் மேற்கொண்டு படித்துத் திரும்பி, 1885-ல் திரைமறைவில் வாழ்ந்த கோஷா பெண்களுக்கென்று விக்டோரியா மருத்துவமனையை ஆரம்பித்தார். திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை அதுதான். தன் தொழிலின் கோடு எங்கே முடிகிறது என்று தெரிந்ததும் அடுத்த படிப்பில் சேர்ந்துகொள்ள அவரால் முடிந்தது. அவருடன் எழும்பூரில் பயிற்சி பெற்ற மற்ற பெண்களுக்கு அந்த வழி இருந்திருக்காது.

கிராமத்துக்கு அந்தப் பயிற்சி லேசில் வந்து சேரவில்லை. 1903-ல் கர்சன் பிரபுவின் மனைவி, நாட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கவென்று விக்டோரியா ராணியின் பெயரில் ஒரு நிதி ஏற்படுத்தினார். 1918-ல் டெல்லியில் சுகாதாரப் பார்வையாளர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. லேடி ரீடிங் பள்ளி என்று பிற்பாடு பெயர் பெற்றது. எனக்கு அந்தப் பள்ளியின் மேல் ஒரு தனி ஆர்வம் உண்டு. அந்தப் பார்வையாளரின் முக்கிய வேலை தாயிடம் பேசுவது, குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது, என்ன கொடுப்பது, எப்போது டாக்டரிடம் போவது என்று சொல்வது. மருந்து கொடுக்காமல் சொல்லிக்கொடுப்பதையே வேலையாக வைத்துச் சம்பளம் வாங்குவது நம் நாட்டுக்குப் புதுசு.

1926-ல் மெட்ராஸ் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவேட்டில் பெயர் உள்ளவர் மருத்துவச்சி, இல்லாதவர் யாரோ. ஆனால் ஊரில் பிள்ளை பிறந்தது அந்த யாரோவின் கையில்தான். எங்கள் பக்கத்தில் முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்கள்தான் பிரசவம் பார்த்தார்கள். ரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு என்று நினைத்த ஊர், அந்த வேலையை ஒரு சாதிக்கு ஒதுக்கி வைத்திருந்தது. சட்டம் கோடு போடுவதற்கு நெடுங்காலம் முன்பே ஊர் அவர்களுக்கு ஒரு கோடு போட்டுவிட்டது. உள்ளறைக்குள் வந்து உயிரைக் காப்பாற்றலாம், பதினாறாம் நாள் கழித்துத் திண்ணையில் உட்காரக் கூடாது. பயிற்சி கொடுக்க வந்த நாங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பாடத்திட்டத்தில் அது இல்லை.

அரசுப் பயிற்சி முப்பது வேலை நாள். உதவித்தொகை 300 ரூபாய். வாரத்தில் இரண்டு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வகுப்பு. மற்ற நாளில் எங்களோடு ஊர் சுற்ற வேண்டும். எங்கள் பார்வையில் இரண்டு பிரசவமாவது பார்த்தால் சான்றிதழும் ஒரு பெட்டியும் கிடைக்கும். பெட்டிக்குள் சோப்பு, பிளேடு, கொடி கட்டும் நூல், பஞ்சு, விரிக்க ஒரு பிளாஸ்டிக் தாள். ஐந்து சுத்தம் என்று பாட்டு மாதிரிச் சொல்லித்தருவோம்: கை சுத்தம், விரிப்பு சுத்தம், பிளேடு சுத்தம், நூல் சுத்தம், தொப்புள் சுத்தம். சாணியும் சாம்பலும் வைத்த தொப்புளில் ரணஜன்னி வந்து ஏழெட்டு நாளில் பிள்ளைகள் விறைத்துச் செத்துப்போன காலம் அது. கர்ப்பிணிக்கு நாங்கள் போட்ட ஊசியும் அந்தப் பிளேடும் சேர்ந்து அதைக் குறைத்தன. அந்தப் பெட்டியை இன்று யாராவது கேலி பேசினால் எனக்குப் பொறுக்காது.

வகுப்பில் பாதிக்கு மேல் 'கூடாது'தான். உள்ளே கைவிடக் கூடாது. வயிற்றை அழுத்தக் கூடாது. வலி வர ஊசி போடும் ஆளைக் கூப்பிடக் கூடாது. கை முந்தி வந்தால், ரத்தம் நிற்காவிட்டால், வலிப்பு வந்தால் உடனே அனுப்ப வேண்டும். ஒரு வகுப்பில் வயசான மருத்துவச்சி ஒருவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"பிள்ள குறுக்க கெடந்தா?"

"அனுப்பிறணும், அப்பத்தா. மேலூருக்கு."

"கடைசி பஸ்ஸு போன பெறகு?"

"கார் பிடிக்கணும்."

"எங்கூர்ல காரு ஏது தாயி? மாட்டு வண்டியில ஏத்துனா வழியிலயே முடிஞ்சிரும். வெளியில இருந்தே தடவித் திருப்பி விட்டுருவேன். எங்காத்தா சொல்லிக் குடுத்தது. அதையுஞ் செய்யக் கூடாதுங்கிற."

வெளியிலிருந்து குழந்தையைத் திருப்புவது மகப்பேறு மருத்துவப் புத்தகத்திலும் இருக்கிற முறைதான், செய்ய வேண்டியது டாக்டர், அதுவும் அறுவை அரங்கம் பக்கத்தில் இருக்கும்போது. அதை நான் அவரிடம் சொன்னேன். அவர் கேட்டது அதுவல்ல என்று இருவருக்கும் தெரியும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நில் என்று முப்பது நாள் சொல்லிக்கொடுத்த அரசாங்கம், அந்தப் பக்கம் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ஆளையும் வண்டியையும் வைக்கவில்லை. இந்தத் தொழிலின் வரலாற்றில் நான் கண்ட தகராறு எல்லாவற்றுக்கும் அடியில் இதுதான் கிடக்கிறது. கோட்டைத் தாண்டிய பணியாளரைப் பற்றி விசாரணை அறிக்கைகள் எத்தனையோ உண்டு. அந்தப் பக்கம் யாரும் இல்லாததைப் பற்றி அறிக்கை எழுத வேண்டியவர்கள் அந்தப் பக்கத்துக்காரர்கள் ஆயிற்றே.

பிரசவத்தைப் பதிவு செய்தால் மருத்துவச்சிக்குப் பத்து ரூபாய். பிள்ளை பிறந்த வீட்டில் சேலையும் நெல்லும் கிடைக்கும். பத்து ரூபாய்க்காக அவர்கள் பதிய வரவில்லை. எங்கள் கணக்கு சரியாக வேண்டுமே என்று எங்கள் மேல் வைத்த பிரியத்தில் வந்து சொன்னார்கள். 2004-ல் உலக சுகாதார நிறுவனமும் மகப்பேறு மருத்துவர், மருத்துவச்சியர் சங்கங்களும் சேர்ந்து, திறன் பெற்ற பிரசவ உதவியாளர் யார் என்று வரையறுத்தபோது பாரம்பரிய மருத்துவச்சிகளைப் பயிற்சி பெற்றிருந்தாலும் சேர்க்கவில்லை. அடுத்த வருஷம் எங்களைப் போன்ற ஏ.என்.எம்.களுக்கு, அவசரத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசியும் வலிப்புக்கு முதல் ஊசியும் போடலாம் என்று மத்திய அரசு அனுமதி கொடுத்தது. எங்கள் கோடு அகன்றது, அவர்களுடையது அழிந்தது. நியாயமா என்று கேட்டால் தாய்மார்களுக்கு நியாயம் என்பேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகள் மாற்றி மாற்றி இருபத்துநாலு மணி நேரமும் பிரசவம் பார்க்க ஆரம்பித்தபோது, ராத்திரியில் கதவைத் தட்ட ஒரு இடம் கிடைத்தது. ஆனால் அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்த பாட்டிகளிடம் போய் யாரும் நன்றி சொல்லவில்லை.

நடுவில் ஒரு வேறு பாதையும் இருந்தது. 1977 அக்டோபர் 2-ம் தேதி மத்திய அரசு, ஆயிரம் பேருக்கு ஒரு சமுதாய சுகாதாரப் பணியாளர் என்று திட்டம் தொடங்கியது. மூன்று மாதப் பயிற்சி, மாதம் 50 ரூபாய், ஒரு மருந்துப் பெட்டி. சீனாவின் வெறுங்கால் மருத்துவர்கள் அப்போது உலகமெல்லாம் பேச்சாக இருந்தார்கள். பெட்டியில் மருந்து இருந்ததால் ஊர் இவர்களைச் சின்ன டாக்டராகப் பார்த்தது, டாக்டர் சங்கங்கள் போலி டாக்டராகப் பார்த்தன. பெயரை மாற்றி மாற்றி, கடைசியில் கிராம சுகாதார வழிகாட்டி என்று வைத்தார்கள். தமிழ்நாடு அந்தத் திட்டத்தில் சேரவில்லை. கேரளமும் கர்நாடகமும்கூட. இங்கே சிறு சுகாதார மையங்கள் இருந்தன. அடையாற்றில் 1958-ல் தன்னார்வ சுகாதாரப் பணி நிறுவனத்தை ஏற்படுத்திய டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி காட்டிய வழி அது. ஏறக்குறைய ஐயாயிரம் பேருக்கு ஒரு மையம், வாரத்தில் சில நேரம் வந்துபோகும் டாக்டர், ஆண் ஒருவர், பெண் ஒருவர் எனப் பணியாளர்கள், ஊரிலேயே முதலுதவி கற்ற பெண்கள். பெட்டியைக் கொடுத்துத் தனியாக விடாமல், பின்னால் ஒரு டாக்டரை நிறுத்திய ஏற்பாடு என்பதால் எனக்கு அது பிடிக்கும். பரவலாக நீடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு முன்னோடியும் உண்டு. டாக்டர் டி.எஸ்.சௌந்தரம் 1947-ல் சின்னாளப்பட்டியில் இரண்டு படுக்கையோடு ஆரம்பித்த பிரசவ மனைதான் காந்திகிராமத்து கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. கஸ்தூர்பா நிதியின் சார்பில் கிராம சேவிகைகளுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். புத்தாக்கப் பயிற்சிக்குக் காந்திகிராமம் போகும்போதெல்லாம், வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் எங்கே உட்கார வேண்டும் என்பதையே ஒரு பாடமாக எடுப்பார்கள். தாயின் பக்கத்தில் தரையில். அவளுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் வழியில் போய்விடுவாள்.

இனி தராசுக்கு வருகிறேன். சொல்லிக்கொடுப்பதையே வைத்தியமாக வைத்து நடந்த பெரிய முயற்சி எங்கள் ஒன்றியத்தில்தான் ஆரம்பமானது. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு ஊட்டச்சத்து நிலையை ஒரு அமெரிக்க ஆலோசனைக் குழு விரிவாக ஆராய்ந்தது. மாநிலத்தில் அப்போதே பலவிதமான உணவுத் திட்டங்கள் நடந்தன. ஆனால் நன்றாக மெலிகிற வயது மூன்றுக்குள். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் எதுவும் போய்ச் சேரவில்லை. வீட்டில் சோறு இருந்தும் பிள்ளைக்குப் பிந்தி ஊட்ட ஆரம்பிப்பது, பேதி வந்தால் பட்டினி போடுவது என்பவையும் காரணம் என்று கண்டார்கள். அதிலிருந்து உலக வங்கிக் கடனோடு பிறந்தது தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 1980-ல் கொட்டாம்பட்டி ஒன்றியம் முன்னோட்டம். பிறகு மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, வடஆற்காடு என்று விரிந்து ஏறத்தாழ 9,000 மையங்கள் ஆயின.

ஒவ்வொரு மையத்துக்கும் அந்த ஊர்ப் பெண் ஒருவர் பணியாளர். தேர்வு செய்த முறை எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். வசதி குறைந்த வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும். ஆனால் அவள் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்த அளவுக்கு எழுத்து தெரிந்தால் போதும். காசில்லாமலே பிள்ளையை வளர்க்கத் தெரிந்தவள் என்பதுதான் தகுதி. பக்கத்து வீட்டுக்காரி அவளிடம் "உனக்கென்ன, வசதி இருக்கு, பேசுவ" என்று சொல்ல முடியாது. பத்து மையத்துக்கு ஒரு மேற்பார்வையாளர், அவர்களுக்கு மேல் பயிற்றுநர்கள். இந்தப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கைத் திட்டம் போட்டவர்கள் கறாராகக் காத்தார்கள்.

மாதம் தவறாமல் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை எடை போடுவார்கள். உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, அதில் பிள்ளையை உட்கார வைத்து, அது கத்துகிற கத்தலில் முள் ஆடுவது நிற்கும்வரை காத்திருந்து அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. ஏறினால் ஒன்றும் இல்லை. ஏறாமல் நின்றால், அல்லது மிகவும் மெலிந்திருந்தால், தொண்ணூறு நாளைக்குச் சத்துருண்டை. அதற்குள் அரைக் கிலோ கூடினால் உருண்டை நிற்கும். கூடாவிட்டால் அந்தப் பிள்ளை என்னிடம் வரும். பசி மட்டும் காரணமில்லை, பூச்சியோ காசமோ வேறெதுவோ இருக்கலாம், பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அவளால் கண்டுபிடிக்க முடியாததை அவள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தொண்ணூறு நாளும் ஒரு தராசும் அந்த முடிவை எடுத்துக் கொடுத்துவிடும். படிப்பு குறைந்த பெண்ணை வைத்து நடத்தும் வேலையில் இதைவிட நேர்த்தியாக எல்லை போட்டு நான் பார்த்ததில்லை.

இருந்தாலும் ஊர் சும்மா இருக்குமா? ஒரு நாள் மையத்தில் நான் இருக்கும்போதே ஒரு தாய் சண்டைக்கு வந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உருண்டை, தன் பிள்ளைக்கு இல்லை. "நான் கூலிக்குப் போயி, கேப்பக் கூழ நேரம் பாத்து ஊட்டி, இவன ஒழுங்கா வளத்ததுக்குத் தண்டனையா?" பணியாளர் அட்டையை எடுத்து, ஏறும் கோட்டைக் காட்டி, "இது நீ போட்ட கோடு மதினி. உருண்டை போட்டதில்ல" என்றாள். அந்தத் தாய் அடங்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டேதான் போனாள். அடுத்த மாதம் எடைக்கு வந்தாள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்தச் சிக்கல் இன்னும் கூடியது. சத்துணவில் வந்த பிள்ளைக்கெல்லாம் சோறு உண்டு. எங்கள் மையத்தில் தேர்ந்தெடுத்த பிள்ளைக்குத்தான் உருண்டை. இரண்டுக்கும் நியாயம் உண்டு என்று விளக்கிச் சொல்ல அந்தப் பெண்கள் பட்ட பாட்டை மதிப்பீட்டு அறிக்கையில் எழுத மாட்டார்கள். அறிக்கைகள் சொன்னது, கடுமையான ஊட்டக்குறைவு நன்றாகக் குறைந்தது, நடுத்தரமானது அந்த அளவுக்கு இறங்கவில்லை என்பது. நான் பார்த்ததும் அப்படித்தான்.

ஊசி கேட்பவர்கள் தனி ரகம். எடை போட வந்தவளிடம் "காய்ச்சலுக்கு ஒரு ஊசி போட்டுவிடேன்" என்பார்கள். சைக்கிளில் வந்து எதற்கும் ஊசி போடும் ஆள் ஒருவர் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார். பணியாளர்களில் ஒருத்தி கூட்டத்தில் எழுந்து என்னிடமே கேட்டாள்: "அக்கா, அவரு அஞ்சாவது தாண்டல, ஊசி போடுறாரு, மதிப்பா இருக்காரு. நான் தராசு தூக்கிட்டு அலையுறேன். எனக்கும் ஊசி சொல்லிக் குடுங்க." நான் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டவளுக்கு, ஊசி போட்ட இடத்தில் சீழ் வைத்து நடக்க முடியாமல் போன ஒரு பையனை அவள் ஊரிலிருந்தே காட்டினேன். பேதிக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கக் கற்றுக்கொடுத்திருந்தோம். ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அந்தக் கோடையில் அவள் கரைத்துக் கொடுத்த தண்ணீரில் பிழைத்த பிள்ளைகளால் அவளுக்கு மதிப்பு வந்தது. ஊசி கேட்பதை அதற்கப்புறம் விட்டுவிட்டாள்.

இதில் மருந்தைவிட நுட்பமான ஒரு எல்லை இருந்தது. எங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு இலக்கு உண்டு. வருஷத்துக்கு இத்தனை பேர் என்று மேலிருந்து வரும். மார்ச் நெருங்கினால் தூக்கம் போய்விடும். நான் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் இரண்டு பிள்ளை பெற்றவள் பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். ஊட்டச்சத்துப் பணியாளருக்கு அந்த இலக்கு இல்லை. அதனால் அவளுக்கு எல்லாக் கதவும் திறந்தன. என்னோடு சேர்ந்து வரச் சொன்னால் தயங்குவாள். "உங்ககூட வந்தா நாளைக்கு எடைக்கு வரமாட்டாங்கக்கா" என்று முகத்துக்கு நேராகவே ஒருத்தி சொன்னாள். வலித்தது, ஆனால் அவள் சொன்னதில் பிழை இல்லை. அறிவுரை சொல்பவளுக்கு அந்த அறிவுரையால் வேறு ஒரு கணக்கு நிறைகிறது என்று தெரிந்துவிட்டால், அப்புறம் அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் சந்தேகம்தான். 1996-ல் நாடு முழுக்க இலக்கு முறையைக் கைவிட்டார்கள். எனக்கு அது சம்பள உயர்வைவிடப் பெரிய நிம்மதி.

என்னிடம் அனுப்பிய பிள்ளைகளை நான் மேலே அனுப்ப வேண்டிவரும். அதற்கு ஒரு பரிந்துரைச் சீட்டு; நடுவில் துளைக்கோடு போட்டது. மேல்பாதியில் நான் எழுதுவேன். கீழ்ப்பாதியில் டாக்டர், என்ன கண்டார், என்ன செய்தார், வீட்டில் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் அனுப்பிய சீட்டுகளின் கீழ்ப்பாதி திரும்பியதே அபூர்வம். ஒரு தாய் சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். "யாரும் கேக்கலம்மா" என்றாள். அப்புறம் நான் கீழ்ப்பாதிக்குக் காத்திருக்காமல் மறு வாரம் அந்த வீட்டுக்கே போய்க் கேட்டுக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

1990-களில் திட்டத்தின் இரண்டாம் கட்டம் நடந்து, அந்த மையங்கள் எல்லாம் அங்கன்வாடித் திட்டத்தோடு சேர்ந்தன. முன்பருவக் கல்வி சேர்ந்தது, பதிவேடுகள் கூடின. எடை போட்டுப் பேசுவதற்கு இருந்த நேரத்தில் எழுத்து வேலை வந்து உட்கார்ந்தது. இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனசில்லை.

2000-க்குப் பிறகு நோயே மாறிவிட்டது. மெலிந்த பிள்ளைகள் இருந்த வீடுகளில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும். சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் ரத்தக்கொதிப்புக்கு முன்னோட்டம் நடத்திப் பார்த்து, 2012 வாக்கில் மாநிலமெங்கும் அரசு மருத்துவமனைகளில் தொற்றாநோய்ப் பிரிவு வந்தது. அதற்கென்று இருந்த நர்சின் வேலையில் பாதி பேச்சு: உப்பு, ஊறுகாய், நடை, புகையிலை. மறுபடியும் சொல்லிக்கொடுப்பதே வைத்தியம்.

நகரத்தில் இதற்கு இப்போது கோச் என்று பெயர். என் தங்கை மகன் கோயம்புத்தூரில் ஒரு கோச்சுக்கு மாதாமாதம் பணம் கட்டி வந்தான். செல்போனில் அவன் தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், அவர் பார்த்துச் சொல்வார். உடம்பு குறைந்தது, நல்ல விஷயம். பிறகு சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கச் சொல்லி, கூடவே ஒரு பவுடர் டப்பாவும் வாங்கச் சொன்னார். எனக்கு உடனே மார்ச் மாத இலக்கு ஞாபகம் வந்தது. அவரிடம் எங்கே படித்தார், அவருக்கு மேல் யார், மாத்திரை எழுதிய டாக்டரிடம் பேசினாரா என்று கேட்கச் சொன்னேன். பதில் ஒரு சிரிப்புப் படம். அவன் டாக்டரிடம் போனான். டாக்டர் ரத்தம் சோதித்துப் பார்த்து மாத்திரையைக் குறைக்கத்தான் செய்தார். ஆக, கோச் சொன்ன திசை தப்பில்லை. சொல்ல வேண்டிய ஆள் அவரில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு 2017 முதல், மருத்துவர்களுக்குத் தேர்வு நடத்தும் வாரியத்தோடு சேர்ந்து ஒரு தேர்வு நடத்துகிறார்கள். நோய் இன்னதென்று சொல்லக் கூடாது, மருந்து எழுதக் கூடாது என்பது அதில் அடிப்படை விதி. கொட்டாம்பட்டியில் எட்டாம் வகுப்புப் படித்த பெண்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். நம் நாட்டிலும் 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழிலர் சட்டம், ஊட்டச்சத்து நிபுணரோடு சர்க்கரை நோய்க் கல்வியாளரையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பவுடர் டப்பாவைப் பற்றியும் யாராவது யோசித்தால் நல்லது.

அதே 2021-ல், ஆகஸ்ட் 5-ம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுத்த பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவருக்கு மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். புதிதாகக் கூடுதல் இருந்தால் அனுப்பத்தான் வேண்டும், பெயர் வைக்கக் கூடாது. எங்கள் தெருவுக்கு வருகிற பெண்ணிடம் எதிர்வீட்டுப் பெரியவர், "தலை கிறுகிறுங்குது, ஒண்ணு சேத்துக் குடு தாயி" என்று கேட்டதை நான் திண்ணையிலிருந்து பார்த்தேன். அவள் கருவியைக் கட்டி அளவு பார்த்தாள். "நான் குடுக்கக் கூடாதுய்யா, இருங்க" என்று சொல்லிவிட்டு அங்கிருந்தே துணை சுகாதார நிலையத்து நர்சுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் எடுத்தார்கள். பெரியவரை அன்றைக்கே வரச் சொன்னார்கள். ஆட்டோவில் போனார்.

போகும்போது அவளைக் கூப்பிட்டு, அனுப்பிய ஆட்கள் போனார்களா என்று எப்படித் தெரிந்துகொள்கிறாய் என்று கேட்டேன். அளவையெல்லாம் செல்போனில் பதிகிறாள். அதுபோக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறாள். பெயர், தேதி, அளவு, அனுப்பிய இடம் என்று நான்கு கட்டம். ஐந்தாவது கட்டத்தில், மறுபடி அந்த வீட்டுக்குப் போனபோது அவர்கள் சொன்னதை எழுதுகிறாள். "போனார், மாத்திரை மாத்தினாங்க." "போகல, கூலி போயிரும்னார்." "போனார், டாக்டர் லீவு." இரண்டாவது வகை ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இன்னொரு முறை பார்க்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டாள். கூலிக்குப் போகிறவர் காலை ஆறு மணிக்கு வீட்டில் இருப்பார், ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம் என்றேன்.